சைஸ் ஓடுது, சத்தம் வருது, டூல் தாங்கல: ஆஃப்செட்டைத் தட்டும் முன் பார்க்க வேண்டியவை

எண்ணூர் பக்கம் லாரி உதிரிபாகம் கடைந்துகொண்டிருந்த காலத்தில் எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். சைஸ் ஓடினால், அதாவது வெட்டும் பாகத்தின் (ஜாபின்) அளவு விலகினால், சிஎன்சி மெஷினில் டூலின் இடத்தைத் திருத்தும் ஆஃப்செட் பக்கத்தைத் திறந்து இரண்டு தட்டு. அடுத்த ஜாப் சரியாக வரும், டீ குடிக்கப் போகலாம். மணலிப் பக்கம் விமானப் பாகம் வெட்டும் பட்டறைக்கு மாறிய முதல் மாதம் அதே பழக்கத்தில் கையை நீட்டினேன். பின்னால் நின்ற சீனியர் கேட்டார்: "ஏன் ஓடுச்சின்னு தெரிஞ்சிதா?" தெரியவில்லை. "அப்போ நீ ஒழுகுற கூரைக்குக் கீழ பக்கெட்டு வெச்சிருக்க. அவ்ளோதான்."

அன்றிலிருந்து எங்கள் ஷிஃப்டில் காரணம் தெரியாமல் ஆஃப்செட் தட்டுவதற்குப் பெயரே பக்கெட் வைப்பதுதான். ஐடிஐ முடித்து நேராக வரும் தம்பிகளுக்கும், வியாசர்பாடி, திருவொற்றியூர் லேத் பட்டறைகளில் பல வருஷம் கை பழகி இந்த வேலைக்கு மாறும் அண்ணன்மாருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். உங்கள் மெஷினில் நடப்பது எந்தத் தலைப்போடு ஒத்துப்போகிறதோ அங்கே நேராகப் போகலாம். அடுத்து வரும் பகுதியை மட்டும் தாண்டாதீர்கள்.

எந்தக் கோளாறானாலும் முதல் பத்து நிமிஷம்

சைக்கிளை நிறுத்துங்கள். கடைசியாகச் சரியாக வந்த ஜாபையும் முதலில் தப்பாக வந்த ஜாபையும் தனித்தனியாக எடுத்து வையுங்கள். இரண்டுக்கும் நடுவே மணி என்ன, என்ன மாறியது என்று ஒரு தாளில் எழுதுங்கள். இன்சர்ட் (டூலின் வெட்டும் முனை) மாறியதா, மெட்டீரியலின் ஹீட் நம்பர் (எந்த உருக்கில் வந்தது என்ற எண்) மாறியதா, கரண்ட் போய் வந்ததா, ஆள் மாறினாரா? எதுவுமே மாறவில்லை என்று சொல்பவரிடம் இன்னொரு முறை கேளுங்கள்.

பிறகு தப்பாக வந்த ஜாபைத் துடைத்து, பிசிறு எடுத்து, வேறொரு கருவியால் வேறொருவர் அளக்கட்டும். ஓரத்தில் நிற்கும் ஒரு பிசிறு மைக்ரோமீட்டரில் 20 மைக்ரான் கூடுதலாகக் காட்டிவிடும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று). அளவே பொய் என்றால் மெஷினைத் தோண்டுவது வீண்.

விமானப் பாகத்தில் இன்னொரு சங்கடம் உண்டு. முதல் ஜாப், முதல் பாக ஆய்வுக்கான விமானத் துறைத் தரமான ஏஎஸ் 9102 முறைப்படி முழுதாக அளக்கப்பட்டு ஒப்புதல் வாங்கிய பிறகு, புரோகிராம், ஃபிக்ஸ்சர், வெட்டும் முறை இவற்றில் பாகத்தின் அளவையோ பொருத்தத்தையோ பாதிக்கக்கூடிய மாற்றம் செய்தால், பாதிக்கப்பட்ட அளவுகளுக்காவது அந்த ஆய்வைத் திரும்பச் செய்ய வேண்டும். இரண்டு வருஷம் அந்தப் பாகம் ஓடாமல் கிடந்தாலும் அதே கதை. அதனால் கீழே நான் "மாற்றுங்கள்" என்று எழுதுகிற இடங்களில் எல்லாம் பிளானிங் இன்ஜினியரிடம் சொல்லிவிட்டு என்று சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

காலையில் சரி, மதியம் சைஸ் ஓடுகிறது

சென்னையில் அதிகம் ஏமாற்றும் கோளாறு இதுதான். கண்டுபிடிக்க ஒரு நோட்டும் பேனாவும் போதும். ஒரு நாள் முழுக்க ஒவ்வொரு ஜாபின் அளவையும், அது மெஷினிலிருந்து இறங்கிய மணியையும் எழுதிக் கோடு போட்டுப் பாருங்கள். கோட்டின் வடிவமே காரணத்தைச் சொல்லும்.

முதல் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் சரசரவென்று ஏறி அப்புறம் படுத்துவிட்டால் மெஷின் சூடாவதுதான் காரணம். டூலைச் சுற்றும் ஸ்பிண்டில் சூடாகி நீளும், டூல் ஜாபை நோக்கி இறங்கும், ஆழம் கூடும். இசட் (மேல்கீழ் அச்சு) மட்டும் ஓடி எக்ஸும் ஒய்யும் (கிடை அச்சுகள்) நின்றால் சந்தேகம் ஸ்பிண்டில் மேல். எக்ஸ் ஓடினால் அந்த அச்சை நகர்த்தும் பால் ஸ்க்ரூவைப் பாருங்கள். இரும்பு மீட்டருக்கு டிகிரிக்குச் சுமார் 11.5 மைக்ரான் வளரும். 500 மிமீ நீள ஸ்க்ரூ 5 டிகிரி சூடானால் 29 மைக்ரான். டாலரன்ஸே (அனுமதித்த விலகலே) 25 மைக்ரான் என்றால் கதை முடிந்தது. மருந்து சுலபம்: வார்ம் அப் புரோகிராமை இருபது நிமிஷம் ஓட்டிவிட்டு முதல் ஜாபை மாட்டுங்கள். வெறும் ஸ்பிண்டிலைச் சுற்றவிட்டால் போதாது, அச்சுகளும் ஓட வேண்டும்.

சாப்பாட்டு இடைவேளைக்குப் பின் முதல் இரண்டு ஜாப் மட்டும் வேறு அளவில் வருகிறதா? அதுவும் இதே நோய்தான். நாம் சாப்பிடப் போன நேரத்தில் மெஷின் ஆறிவிட்டது.

கோடு மணியைக் கண்டுகொள்ளாமல் ஜாப் எண்ணிக்கையோடு மட்டும் ஒரே பக்கமாக மெதுவாக ஏறினால் இன்சர்ட் தேய்கிறது. ஆஃப்செட் கண்டுபிடிக்கப்பட்டதே இதற்காகத்தான். தாராளமாகத் தட்டலாம். கோடு படி மாதிரி ஒரே இடத்தில் எகிறினால் அடுத்த தலைப்புக்குப் போங்கள்.

கோடு வெயிலோடு சேர்ந்து ஏறி, வெயிலோடு இறங்கினால்? எங்கள் இடத்தில் ஒரு துளையின் இடம் மூன்று மணிக்கு மேல் 15 மைக்ரான் நகரும், ராத்திரி ஷிஃப்டில் தானாகத் திரும்பிவிடும். பகல் ஆபரேட்டரும் ராத்திரி ஆபரேட்டரும் ஒருவரை ஒருவர் குறை சொல்லி மூன்று வாரம் போனது. கடைசியில் பார்த்தால் மேற்கே பார்த்த ஷட்டர். சாய்ந்த வெயில் மெஷினின் ஒரு பக்கத் தூணில் மட்டும் விழுந்து அதை வளைத்துக்கொண்டிருந்தது. ஷட்டரை இறக்கியதும் நின்றது. எல்லோரும் அதுவரை ரோட்டில் போகும் கண்டெய்னர் லாரியின் அதிர்வைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்கள். வடசென்னையில் எந்தக் கோளாறு வந்தாலும் முதலில் மாட்டுவது கண்டெய்னர் லாரிதான், பாவம்.

இன்னொன்று ஜாபே சூடாக இருப்பது. டிராயிங்கில் போட்டிருக்கும் அளவு 20 டிகிரிக்கானது. உலகம் முழுக்க அளவியலுக்கு அதுதான் அடிப்படை வெப்பநிலை. அலுமினியம் மீட்டருக்கு டிகிரிக்கு 23 மைக்ரான் வளரும். 400 மிமீ நீளமுள்ள அலுமினியத் தட்டு 34 டிகிரியில் இருந்தால், 20 டிகிரியில் இருப்பதைவிட 129 மைக்ரான் நீளம். மெஷினும் மைக்ரோமீட்டரும் இரும்பு, அவையும் அதே சூட்டில் பாதிக்குப் பாதி வளர்ந்திருக்கும் என்பதால் இந்தப் பிழையில் பாதி மறைந்துபோகும். மீதி 64 மைக்ரான் மறையாது, சிஎம்எம் என்ற அளவு மெஷின் இருக்கும் அறையில் போய்ப் பல்லிளிக்கும். ஏசி இல்லாத கொட்டகையில் பெரிய அலுமினிய ஜாப் எடுத்தால், கடைசி வெட்டுக்கு முன் ஜாபின் வெப்பத்தைத் தொட்டு அளக்கும் தெர்மாமீட்டரால் பார்த்து எழுதுங்கள். ஏசி வாங்கித் தரும்படி முதலாளியிடம் கேட்கப் போகும்போது அந்தத் தாள் உதவும். வாயால் கேட்டால் கிடைக்காது, அனுபவம்.

ஒரே ஒரு ஜாப் மட்டும் திடீரென்று தப்பு

முன்னும் பின்னும் சரி, நடுவில் ஒன்று மட்டும் 40 மைக்ரான் போய்விட்டது. பெரும்பாலும் மூன்று இடங்களில் ஒன்றில் கை வைத்திருப்போம்.

புது இன்சர்ட் மாட்டிய ஜாபா என்று பாருங்கள். பழைய இன்சர்ட் தேயத் தேயக் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டிய வேர் ஆஃப்செட் (தேய்மானத் திருத்தம்) -0.040 என்று அங்கேயே நிற்கும். புது முனை மாட்டும்போது அதைப் பூஜ்யமாக்க மறந்தால் முதல் ஜாப் அவ்வளவு சின்னதாக வரும்.

அடுத்தது பட்டன். ஃபானுக் கன்ட்ரோலில் (மெஷினை நடத்தும் கம்ப்யூட்டரில்) இன்புட் வேறு, பிளஸ் இன்புட் வேறு: முதலாவது பழைய எண்ணை அழித்துப் புதியதை வைக்கும், இரண்டாவது பழையதோடு கூட்டும். வேரில் ஏற்கெனவே -0.020 இருக்கிறது, வெளிவிட்டம் 10 மைக்ரான் பெருசு, எனவே இன்னும் -0.010 சேர்க்க வேண்டும். பிளஸ் இன்புட் தட்டினால் -0.030 ஆகும், சரி. இன்புட் தட்டினால் -0.010 ஆகிவிடும். பெருசு 10 இருந்தது 20 ஆகும். "குறைக்கத்தாண்ணா தட்டினேன், ஏறிடுச்சி, மெஷின் பைத்தியம்" என்று வந்து நிற்பார்கள். மெஷின் தெளிவாகத்தான் இருக்கிறது. புள்ளியும் அப்படியே. 10 என்று புள்ளி இல்லாமல் அடித்தால் சில மெஷினில் 10 மைக்ரான், சிலவற்றில் 10 மில்லிமீட்டர். அது பாராமீட்டரைப் பொறுத்தது. ஒரே கொட்டகையில் இரண்டு விதமும் இருக்கும். எப்போதும் புள்ளியோடு அடிக்கும் பழக்கம் விரலில் ஏறட்டும்.

மூன்றாவது, தூள். வைஸ் தாடைக்கும் ஜாபுக்கும் நடுவே, அல்லது டூலைப் பிடிக்கும் ஹோல்டரின் டேப்பருக்கும் (கூம்புக்கும்) ஸ்பிண்டிலுக்கும் நடுவே ஒரு சின்னச் சுருள். ஜாபின் அடியில் இருந்தால் ஒரு பக்கம் தடிமன் கூடி ஒரு பக்கம் குறையும். டேப்பரில் இருந்தால் துளை பெரிதாகும், டூல் ஆடும். ஸ்பிண்டிலில் டூலை மாட்டி டயல் வைத்துக் கையால் சுற்றிப் பாருங்கள். முள் காட்டும் ஆட்டம் (ரன் அவுட்) 10 மைக்ரானுக்கு மேல் போனால் கழற்றித் துடைத்து மாட்டுங்கள். அதே ஹோல்டரை 180 டிகிரி திருப்பி மாட்டியும் உச்சப் புள்ளி ஹோல்டரோடே சேர்ந்து திரும்பினால் ஹோல்டரோ கொலெட்டோ கெட்டது. உச்சம் ஸ்பிண்டிலின் அதே இடத்தில் நின்றால் ஸ்பிண்டில் டேப்பரைப் பார்க்க ஆள் கூப்பிடுங்கள்.

வைஸில் இருக்கும்போது சரி, கழற்றினால் வாழைப்பட்டை மாதிரி வளைகிறது

7075 அலுமினியக் கட்டையில் பாக்கெட் பாக்கெட்டாகத் தோண்டி, கட்டையின் பெரும்பகுதியைத் தூளாக்கிவிட்டு 2 மிமீ சுவர் மட்டும் விடும் வேலைகளில் இது தினசரிச் சண்டை. காரணம் இரண்டு இருக்கலாம், இரண்டுக்கும் மருந்து வேறு. முதலில் எது என்று பிரியுங்கள்.

கட்டையை வைஸில் இறுக்கும் முன் அதன் மேல் டயல் முள்ளை வையுங்கள். இறுக்குங்கள். முள் நகர்ந்தால், கட்டையின் அடி சமமாக இல்லை, நீங்கள் அதை வளைத்துப் பிடிக்கிறீர்கள். வளைந்த நிலையில் சமமாக வெட்டிய பரப்பு, விட்டதும் வளையத்தான் செய்யும். அடிப்பரப்பை முதலில் லேசாக வெட்டிச் சமமாக்கி, குறைந்த அழுத்தத்தில் பிடித்தால் தீரும்.

இறுக்கும்போது முள் அசையவில்லை, ஆனால் வெட்டி முடித்துத் தளர்த்தும்போது அசைகிறது என்றால், உலோகத்துக்குள் அடைபட்டிருந்த உள்விசைதான் காரணம். சூடாக்கிச் சட்டென்று குளிர்விக்கும்போது அது உள்ளே தங்கிவிடுகிறது. மேல் தோலை நீக்கியதும் சமநிலை போய் வளைகிறது. இங்கே மெட்டீரியல் சான்றிதழைப் பாருங்கள். டி651 என்றால் ஆலையிலேயே தட்டை இழுத்து அந்த விசையைப் பெருமளவு தணித்திருப்பார்கள். வெறும் டி6 என்றால் இழுத்திருக்க மாட்டார்கள். ஸ்டோரில் இரண்டும் ஒரே வெள்ளித் தகடுதான். கண்ணால் பிரிக்க முடியாது.

மருந்து பொறுமை. இரண்டு பக்கத்தையும் முதலில் ரஃப் வெட்டி, சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் போல விட்டுவையுங்கள். ஒரு பக்கத்தை முழுசாக முடித்துவிட்டு அடுத்த பக்கம் திரும்பினால் தொலைந்தீர்கள். ரஃப் முடிந்ததும் முழுதாகக் கழற்றி, மேஜையில் சும்மா கிடக்க விடுங்கள். எங்கள் வழக்கம் ஒரு ராத்திரி. அது எவ்வளவு வளைய வேண்டுமோ வளைந்துகொள்ளட்டும். மறுநாள் வளைந்த அடியைச் சமமாக்கி, லேசாகப் பிடித்து, ஃபினிஷ் வெட்டு. சுவர்களை ஒரே மூச்சில் அடிவரை இறக்காமல், இடப்பக்கம் கொஞ்சம் வலப்பக்கம் கொஞ்சம் என்று மாறி மாறி இறங்குங்கள். சுவருக்குக் கீழே இன்னும் வெட்டாத கனம் இருக்கும்வரை அது தள்ளாடாது.

வளைந்ததைக் கையால் அழுத்தி நிமிர்த்தி, தரம் பார்க்கும் க்யூசிக்கு அனுப்பும் சாமர்த்தியம் லாரி உலகத்தில் திறமை. இங்கே தப்பு. நிமிர்த்துவதும் ஒரு செயல்முறை. வரைபடமோ வாடிக்கையாளரோ அனுமதித்தால்தான்.

மைக்ரோமீட்டர் சரி என்கிறது, பிளக் கேஜ் உள்ளே போக மறுக்கிறது

லேத்தில் மெல்லிய புஷ் கடையும்போது வருவது. உள்விட்டத்தை இரண்டு முனை கருவியால் எந்தப் பக்கம் அளந்தாலும் ஒரே அளவு. ஆனால் கோ கேஜ், அதாவது துளை சரியென்றால் உள்ளே போக வேண்டிய பிளக் கேஜ், போகாது. துளை வட்டமாக இல்லை, மூன்று பக்கம் உப்பியிருக்கிறது. மூன்று தாடை சக்கு அழுத்திப் பிடித்து, அந்த நிலையில் வட்டமாகக் கடைந்து, தாடையை விட்டதும் உலோகம் திரும்ப எழும்புகிறது. மூன்று உப்பல் உள்ள வடிவத்தை இரண்டு முனை கருவி பார்க்கவே பார்க்காது. எதிரெதிர்த் தூரம் எங்கும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கும். மூன்று முனை போர் கேஜை ரிங்கில் செட் செய்து, சுற்றிச் சுற்றி அளந்தால் வெளிவந்துவிடும்.

சக்கு அழுத்தத்தைக் குறையுங்கள். சாஃப்ட் ஜாவை (நாமே கடைந்துகொள்ளும் மென்மையான தாடையை), வேலை செய்யும் அதே அழுத்தத்தில், ஜாபின் விட்டத்துக்கே கடைந்து மாட்டுங்கள். தாடை ஜாபைச் சுற்றி எவ்வளவு அதிகமாக அணைக்கிறதோ அவ்வளவு நல்லது. ரஃப் முடிந்ததும் ஒருமுறை தளர்த்தி, குறைந்த அழுத்தத்தில் திரும்பப் பிடித்து ஃபினிஷ் செய்தால் பாதிச் சண்டை அங்கேயே முடியும்.

கீச்சென்று சத்தம், பரப்பில் அலை அலையாக வரி

சாட்டர், அதாவது வெட்டும்போது டூல் அதிர்வது. முதலில் எல்லோரும் ஃபீடை (டூல் முன்னேறும் அளவை) குறைப்பார்கள். பல சமயம் அது சத்தத்தைக் கூட்டும், ஏனென்றால் டூல் வெட்டாமல் தேய்க்க ஆரம்பிக்கிறது.

டூல் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். வளைவு நீளத்தின் முப்படி கணக்கில் கூடும். 40 மிமீ நீட்டலை 60 ஆக்கினால் வளைவு மூன்று மடங்குக்கும் மேல். 60 தேவை என்று செட்டப் ஷீட்டில் இருந்தால் 60. யாரோ போன ஷிஃப்டில் வேறு ஜாபுக்காக இழுத்துவிட்ட 75 இல்லையே என்று அளந்து பாருங்கள்.

நீட்டல் சரியென்றால் ஸ்பிண்டில் வேகத்தை மாற்றுங்கள், கூட்டுவதற்கும் பயப்படாதீர்கள். சாட்டர் சத்தத்துக்கு ஓர் அதிர்வெண் உண்டு. அதை 60ஆல் பெருக்கி, டூலின் பல் எண்ணிக்கையால் வகுத்து, வருவதை 1, 2, 3 என்று வகுத்தால் கிடைக்கும் வேகங்களுக்குப் பக்கத்தில் டூல் அமைதியாக ஓட வாய்ப்பு அதிகம். மூன்று பல் எண்ட்மில், சத்தம் 1200 ஹெர்ட்ஸ் என்றால் 24000, 12000, 8000. நீங்கள் 9500இல் ஓட்டிக் கத்திக்கொண்டிருந்தால் 8000 முயலுங்கள். மெஷினுக்கு வேகம் இருந்தால் 12000. ஹெர்ட்ஸ் பார்க்க செல்போனில் இலவச ஆப் கிடைக்கிறது. ஆனால் பாதுகாப்புத் துறை வேலை எடுக்கும் பல இடங்களில் போனை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அங்கே காதுதான். ஓவர்ரைடு குமிழை ஐந்து ஐந்து சதவீதமாக நகர்த்திச் சத்தம் அடங்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு இன்ஜினியரிடம் காட்டுங்கள்.

சத்தமே இல்லாமல் பரப்பு மட்டும் சொரசொரப்பு என்றால் அது சாட்டர் இல்லை. லேத்தில் பள்ளத்தின் ஆழம் ஏறக்குறைய ஃபீடின் வர்க்கத்தை முனை ஆரத்தின் எட்டு மடங்கால் வகுத்தால் வருவது. ஃபீட் 0.2, முனை 0.8 என்றால் சுமார் 6 மைக்ரான். ஃபீடைப் பாதியாக்கினால் கால்வாசியாகும். அலுமினியத்தில் பரப்பு கிழிந்த மாதிரி இருந்தால் டூல் முனையைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள், அலுமினியம் ஒட்டியிருக்கும். பாலிஷ் செய்த, கோட்டிங் இல்லாத முனைதான் அங்கே சரி. டைட்டானியம் அலுமினியம் நைட்ரைடு கோட்டிங் போட்ட டூலை அலுமினியத்துக்கு எடுக்காதீர்கள்; ஒட்டும்.

டைட்டானியத்தில் டூல் பத்து நிமிஷம் தாங்கவில்லை

ஸ்டீல் கை டைட்டானியத்தில் தோற்கும் இடம் வேகம். 12 மிமீ கார்பைடு எண்ட்மில்லை 3000 ஆர்பிஎம்மில் ஓட்டினால் வெட்டு வேகம் நிமிஷத்துக்கு 113 மீட்டர். ஆறு அலுமினியம் நான்கு வனேடியம் கலந்த சாதாரண டைட்டானியத்தில் 50, 60 பக்கம் ஆரம்பிப்பதுதான் பாதுகாப்பு. 50க்குக் கணக்குப் போட்டால் 1326 ஆர்பிஎம். பார்க்க மாட்டுவண்டி மாதிரி இருக்கும்.

ஏன் என்றால் டைட்டானியம் சூட்டைக் கடத்தாது. அலுமினியம் கடத்துவதில் ஒரு சிறு பங்குதான். சூடு தூளோடு போகாமல் டூலின் முனையிலேயே உட்காரும். வேகத்தைக் குறைத்தும் முனை கருகினால் கூலண்ட் (குளிர்விக்கும் திரவம்) முனையில் விழுகிறதா, ஹோல்டரில் விழுகிறதா என்று பாருங்கள்.

முனை முழுக்கத் தேயாமல், வெட்டு ஆழத்தின் கோட்டில் மட்டும் ஒரு வெட்டுக்குறி விழுந்து உடைகிறதா? நிக்கல் கலவையான இன்கோனல் 718இல் இது இன்னும் மோசம். முந்தைய வெட்டு இறுக்கிவிட்ட தோல், ஒவ்வொரு சுற்றிலும் முனையின் அதே புள்ளியைத் தேய்க்கிறது. ஒவ்வொரு பாஸிலும் ஆழத்தைக் கொஞ்சம் மாற்றினால் தேய்மானம் பரவும். ஃபீடை மிகவும் குறைக்காதீர்கள், மூலையில் டூலை நிற்கவும் விடாதீர்கள். நின்று தேய்த்தால் அந்த இடம் இறுகி, அடுத்த வெட்டு கல்லில் வெட்டுவதாகும்.

பரப்பில் நீலமோ வைக்கோல் நிறமோ தெரிந்தால், எமரி தாளால் தேய்த்து அழிக்கும் ஆசை வரும். வேண்டாம். டைட்டானியம் கடும் சூட்டில் ஆக்சிஜனை உள்ளே இழுத்து நொறுங்கும் தோலை உண்டாக்கும். நிறத்தை அழித்தால் தோல் போய்விட்டது என்று யாரும் சொல்ல முடியாது. க்யூசியைக் கூப்பிடுங்கள்.

டைட்டானியத் தூள் தீப்பிடிக்கும், அதுவும் மழுங்கிய டூலில் வரும் மெல்லிய தூள். தண்ணீர் ஊற்றக் கூடாது. காய்ந்த மணல் வாளியோ உலோகத் தீக்கான டி வகை அணைப்பானோ கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். ஷிஃப்ட் முடியும்போது தூள் தொட்டியைக் காலி செய்துவிட்டுக் கிளம்புங்கள்.

டாப் உள்ளே முறிந்துவிட்டது

துளைக்குள் மரை வெட்டும் டாப் முறிந்தால் உளி வைத்துத் தட்டாதீர்கள். நிறுத்தி, டேக் (ஜாபில் கோளாறு என்று குறிக்கும் சீட்டு) போட்டு, க்யூசியிடமும் இன்ஜினியரிடமும் சொல்லுங்கள். மின்பொறியால் அரித்து எடுக்கலாமா என்பதை அவர்கள் முடிவு செய்வார்கள். முறிந்ததற்கான காரணம் முக்கால்வாசி துளையில்தான் இருக்கும்: டிரில் தேய்ந்து துளை சின்னதாகியிருக்கும், அல்லது குருட்டுத் துளையின் அடியில் தூள் அடைத்திருக்கும். விலை கூடிய ஜாபில் டாப்பை விட்டு, துளைக்குள் சுற்றி வந்து மரை வெட்டும் திரெட் மில்லுக்கு மாறச் சொல்லிக் கேளுங்கள். அது முறிந்தாலும் துளைக்குள் சிக்காது.

திங்கட்கிழமை கூலண்ட் நாறுகிறது, செவ்வாய்க்கிழமை ஜாப் துருப்பிடிக்கிறது

இரண்டும் ஒரே தொட்டியின் கதை. ஞாயிறு முழுக்க நிற்கும் கூலண்டின் மேல் ஸ்லைடு எண்ணெய் (மெஷினின் சறுக்குப் பாதைகளுக்கு விடும் எண்ணெய்) படலமாக மூடும். கீழே காற்று போகாமல் கிருமி வளரும். அழுகின முட்டை வாடை அதுதான். சனிக்கிழமை கிளம்பும் முன் மிதக்கும் எண்ணெயை வழித்தெடுங்கள், விடுமுறையிலும் கொஞ்ச நேரம் பம்ப் ஓடும்படி டைமர் வையுங்கள்.

செறிவை ரிஃப்ராக்டோமீட்டரில் தினமும் பாருங்கள். அதில் தெரிவது நேரடிச் சதவீதம் இல்லை. கூலண்ட் டப்பாவில் போட்டிருக்கும் எண்ணால் பெருக்க வேண்டும். 6 காட்டி, எண் 1.2 என்றால் 7.2 சதவீதம். நம் வெயிலில் தண்ணீர் ஆவியாகி எண்ணெய் தங்குவதால் செறிவு தானாக ஏறும். கையில் அரிப்பு வந்தால் முதலில் இதைப் பாருங்கள். நிரப்பும்போது மெல்லிய கலவையாக ஊற்றுங்கள். கலக்கும்போது தண்ணீரில் எண்ணெய், எண்ணெயில் தண்ணீர் இல்லை.

எந்தத் தண்ணீர் என்பதுதான் நம் ஊரின் தலைவலி. மீஞ்சூர் பக்கம் நிலத்தடியில் கடல் நீர் உள்ளே வந்து பல பத்தாண்டு ஆகிறது. கடலோரத்து போர் தண்ணீர் உப்பு. உப்பு கூலண்டைப் பிரித்துவிடும், ஸ்டீலைத் துருவாக்கும், டைட்டானியத்துக்குக் குளோரைடு சூட்டில் ஆகவே ஆகாது. ஆர்ஓ தண்ணீருக்குச் செலவாகிறது என்பவர்களுக்கு ஒரு தட்டு துருப்பிடித்த ஜாபைக் காட்டுங்கள்.

தொட்டி சரியாக இருந்தும் துரு வந்தால் அது கைரேகை வடிவில் இருக்கிறதா என்று பாருங்கள். வியர்வை. முடிந்த ஜாபை எடுக்கும்போது மட்டும் கையுறை. சுற்றும் ஸ்பிண்டில் பக்கத்தில் ஒருபோதும் கையுறை கூடாது. இன்னொன்று, அலுமினிய ஜாபின் மேல் பென்சிலால் எழுதாதீர்கள். பென்சில் முனையில் இருப்பது கிராஃபைட். ஈரக் காற்றில் அலுமினியத்தை அரிக்கும். பள்ளிக்கூடத்துப் பென்சில் விமானப் பாகத்தைக் கெடுக்கும் என்றால் சிரிப்பார்கள், ஆனால் மார்க்கர்கூட அனுமதித்த வகைதான் பயன்படுத்த வேண்டும் என்று விதியே இருக்கிறது.

கரண்ட் போய் வந்த பின் பேட்டரி அலாரம்

மெஷின் ஆனில் இருக்கும்போதே பேட்டரியை மாற்றுங்கள். அணைத்துவிட்டு மாற்றினால் அச்சுகளின் பூஜ்யம் மறந்துபோய் அரை நாள் வேலை.

தப்பு நடந்துவிட்டது, யாரும் பார்க்கவில்லை

இதற்கு அறிகுறி வெளியில் தெரியாது, அடிவயிற்றில் தெரியும். ராத்திரி இரண்டு மணி, சூப்பர்வைசர் தூங்கப் போயிருப்பார். பாக்கெட் அடியில் ஒரு கீறல், அல்லது சுவர் கொஞ்சம் மெலிந்துவிட்டது. எமரி இருக்கிறது. ஸ்கிராப் பின்னும் பக்கத்தில்தான் இருக்கிறது.

சிவப்பு டேக் எடுத்து எழுதுங்கள். அப்படியே ஏற்பதா, திருத்துவதா, ஸ்கிராப்பா என்று முடிவு செய்ய அதற்கென்றே குழு இருக்கிறது. டிசைன் போட்டவர்களிடம் கேட்டு முடிவு செய்வார்கள். அவர்களுக்கு நம்மிடமிருந்து வேண்டியது எண்கள். எந்த ஆபரேஷன், எந்த டூல், எத்தனை மணி, இருக்க வேண்டியது எவ்வளவு, இருப்பது எவ்வளவு, ஜாபில் எந்த இடம். அதற்கு முன்னும் பின்னும் வெட்டிய ஜாப்களின் சீரியல் நம்பரையும் எழுதினால் அவற்றையும் எடுத்துப் பார்ப்பார்கள்.

நான் முதலில் எழுதிய டேக்கின் நகல் இன்னும் என் டூல் பெட்டியில் இருக்கிறது. "ஆபரேஷன் 30, டூல் 7, இரவு 2.10. பாக்கெட் தரை தடிமன் 2.50 இருக்க வேண்டிய இடத்தில் 2.44. காரணம்: சைஸ் ஏன் ஓடியது என்று பார்க்காமல் நான் ஆஃப்செட் தட்டியது." அந்த ஜாபை ஏற்றுக்கொண்டார்கள். அடுத்த வருஷம் இன்னொரு டேக் எழுதினேன், அது ஸ்கிராப் ஆனது.